நூறு நாட்களில் முப்பது விழுக்காடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவில், என் ஆட்சி தொடங்கியது.

"துளசி, கேட்டுக்கோ. இன்னையிலேருந்து நூறு நாள். இந்த வீட்டு கரண்டு பில்லை முப்பது விழுக்காடு குறைச்சுக் காட்டுறேன்."

துளசி சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"எலெக்‌ஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"இது எலெக்‌ஷன் பேச்சு இல்ல. செயல்."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. உப்பு போதுமா?"

என் மனைவி ஒரு கிளினிக்கில் தாதி. இனிமேல் சீனியைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்பவர்களைத் தினமும் இருபது பேராவது பார்க்கிறவள். சபதங்களை மருந்துச் சீட்டு மாதிரி வாங்கி, ஒரு பார்வை பார்த்து, மடித்து வைத்துவிடுவாள்.

நான் சிவநேசன். வயது நாற்பத்தெட்டு. தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு, மலாய்ப் பள்ளியில் மீதி. வெளிநாட்டில், பெர்த் நகரில், பதினேழு ஆண்டுகள் இருந்துவிட்டு, கெலுகோரில் அப்பா விட்டுப்போன வரிசை வீட்டுக்கே திரும்பி வந்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியூரில் இருந்தவரை இந்த நாடு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வந்த பிறகுதான் குழப்பம்.

இப்போதைய குழப்பம் மின்சாரம். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். மாதம் நூற்று அறுபது வெள்ளி வந்துகொண்டிருந்த பில், நாலே மாதத்தில் இருநூற்றுப் பத்துக்கு ஏறிவிட்டது. புதிதாக ஒரு பல்புகூட வாங்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. துளசிக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்ததை உங்களிடம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் திருநாவுக்கரசு அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தையெல்லாம் கட்சிக் கிளையை வைத்து நிரப்பியிருந்தார். போன தேர்தலின்போது ஒரு மலாய்த் துண்டறிக்கையோடு வந்தார்.

"தம்பி, ரெண்டு மொழியும் ஒழுங்கா தெரிஞ்ச ஆளு இந்த ரோட்டுல நீதான். நல்லா தமிழ்ல போட்டுக் குடு. அக்காமாருங்க படிச்சா ஓட்டு தானா விழணும்."

மலாயில் இருந்தது இவ்வளவுதான்: மின் கட்டணம் முப்பது விழுக்காடு குறைக்கப்படும். எப்போது என்று இல்லை. தமிழில் எழுதியபோது அந்த வரி கட்டத்துக்குள் பாதியிலேயே முடிந்துவிட்டது. கீழே வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார். மேலே வெற்றிடம். பார்க்க நன்றாக இல்லை. முன்னால் 'நூறு நாட்களில்' என்று சேர்த்தேன். வரி கச்சிதமாக நிரம்பியது. எங்கள் வட்டாரத்தின் மின்சாரக் கொள்கை இப்படித்தான் தீர்மானமானது.

அண்ணன் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். ஜெயித்தார்கள். நூற்றியோராவது நாள் அந்த ரோடே பில்லும் கையுமாக அவர் வீட்டு கேட்டில் நின்றது. நானும் நின்றேன். என் பில்லோடு. அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். என் முகத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

கூட்டத்திலேயே உரத்த குரல் என்னுடையது. "வாக்கு குடுத்தா பொறுப்பு வேணும்ண்ணே!"

அதோடு பேச்சு நின்றுபோனது. எனக்குத்தான் நின்றது. அவர் கடந்த நாலு மாதமாக, நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கிச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். மூக்கில் ஏதோ ஒரு குழாய். நான் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறுவேன்.

"வெட்கமே இல்லையே மனுஷனுக்கு" என்பேன்.

"இருக்காது போல" என்பாள் துளசி. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, ஆட்சிக்கு வருவோம்.

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு மொழிகளில் அறிவிப்பு ஒட்டினேன். ஏர்கோன் கிடையாது. அதன் ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சுடுதண்ணீர் கிடையாது. இஸ்திரி கிடையாது. தொழிற்சாலை பஸ்ஸில் படுத்துத் தூங்கி வந்தீர்களா என்று என் மேலாளர் ஸுல்கிஃப்லி கேட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் நிலா வெளிச்சமே எவ்வளவு போதுமானது என்று அவருக்கு விளக்கினேன். அவர் மறுநாள் எனக்குக் கொஞ்சம் லேசான வேலையாகக் கொடுத்தார்.

துளசி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என் உத்தரவு ஒன்றைக்கூட அவள் எதிர்க்காத மாதம் அதுதான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாதம் முடிந்தது. பில் வந்தது. இருநூற்றுப் பதினெட்டு.

"ஏறியிருக்கு துளசி! ஏறியிருக்கு!"

"விலைவாசி ஏறுதுல்ல."

"நான் வேர்த்து வேர்த்து நாலு கிலோ இளைச்சிருக்கேன்!"

"நல்லதுதானே. டாக்டர் ரெண்டு வருஷமா சொல்றாரு."

"பில்லு இளைக்கலையே!"

"அதுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல."

எங்கேயோ கரண்டு ஒழுகுகிறது என்று முடிவுக்கு வந்தேன். வயர்மேன் சீனி முகம்மதுவைக் கூப்பிட்டேன். எங்கள் ரோட்டில் பாதி வீடுகளின் வயரிங் அவர் கைவேலை. வந்தவருக்குத் துளசி தேநீரும் வடையும் வைத்தாள்.

"பழைய வீடுண்ணே. பழைய வீடுன்னா கொஞ்சம் அப்படித்தான் லா" என்றார்.

"எங்கேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாய்."

டெஸ்டரை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். சமையலறைக்குப் போனதும் ஜன்னல் வழியாகப் பின்மதிலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துளசியைப் பார்த்தார். துளசி தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப பில்லு?"

"அது மேலேருந்து வர்றதுண்ணே. நம்ம கையில என்ன இருக்கு?"

விரலை மேலே காட்டினார். அரசாங்கத்தைச் சொன்னாரா, ஆண்டவனைச் சொன்னாரா, தெரியவில்லை. முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டார். முப்பது என்ற எண் என்னை விடுவதாக இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. துளசி பாசாருக்குப் போயிருந்தாள். நல்ல வெயில். இன்றைக்குத் திருடனைப் பிடித்தே தீருவது என்று கிளம்பினேன். வீட்டில் இருந்த ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்தேன். குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். சுவர்க் கடிகாரத்தையும் சந்தேகப்பட்டு, அது பேட்டரியில் ஓடுவது என்று ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். வெளியே வந்து மீட்டரைப் பார்த்தால், அதன் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று கண்ணடிக்கிறது. யாரோ இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு சின்ன சுவிட்சாகத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். வரவேற்பறை. கண்ணடித்தது. படுக்கையறை. கண்ணடித்தது. கடைசியில் ஒன்று. சீனி முகம்மது கையெழுத்தில் 'கிச்சன் 2' என்று சீட்டு. எங்களுக்கு ஒரு கிச்சன்தானே? அதைத் தள்ளினேன்.

விளக்கு நின்றது.

போர்ச்சில் இடுப்பில் கைவைத்து நின்றேன். மந்திரிகளால் முடியாததை ஒரு கிடங்குக்காரன் செய்துவிட்டான். பக்கத்தில் எங்கேயோ லோரி பின்னால் வருகிற மாதிரி பீப் பீப் என்று ஒரு சத்தம். அந்த வெற்றிக்கு அது பொருத்தமாகக்கூட இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அந்த ஐந்து நிமிடத்தை இப்போதும் என்னால் யாருக்கும் கொடுத்துத் தீர்க்க முடியவில்லை.

துளசி காய்கறிப் பையோடு முனையில் திரும்பினாள். சத்தத்தைக் கேட்டதும் நின்றாள். ஓடி வந்தாள்.

"என்ன செஞ்சீங்க?"

"கண்டுபிடிச்சிட்டேன்! கிச்சன் ரெண்டு!"

"போடுங்க! மொதல்ல அதப் போடுங்க!"

பை விழுந்தது. வெண்டைக்காய் ரோட்டில் உருண்டது. அவள் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சுவிட்சைப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். இருபத்தொரு மாதத்துக்குப் பிறகு அந்த வாசல்.

அண்ணன் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கிரேன் ஓட்டிய தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கின. துளசி மூலையிலிருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முட்டியளவு உயரத்தில் ஓர் இயந்திரம், காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுப்பது, மறுபடி உயிர் வந்து உறுமத் தொடங்கியது. அதன் வயரை என் கண் தொடர்ந்தது. ஜன்னல். பின்மதில். எங்கள் சமையலறை.

இயந்திரம் அதிராமல் இருக்க அடியில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். வேட்பாளர் கைகூப்பிக்கொண்டிருந்தார். 'நூறு நாட்களில்.' என் தமிழ் கடைசியில் ஒரு வேலைக்கு உதவியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் நிறம் வந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன தம்பி... கரண்டு போயிருச்சா? உங்க வீட்லயுமா?"

துளசி என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "இந்த ஏரியா முழுக்க."

"பரவால்ல. சீக்கிரம் வந்துருச்சே... இந்த விஷயத்துல நம்ம ஆளுங்க... முன்னேறிட்டாங்க."

மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. அதிலும் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

"உக்காரு தம்பி. வருவேன்னு தெரியும். நீ வயரை அனுப்பினப்ப... வேண்டாம்னுதான் சொன்னேன். துளசி சொல்லுச்சு... நீ அந்த நூறு நாளை நெனச்சு... ரெண்டு நாளா சாப்பிடவே இல்லன்னு. அப்புறம் எப்படி... வேண்டாங்கறது?"

நான் எந்த இரண்டு நாளும் சாப்பிடாமல் இருந்ததில்லை. அந்த வாரத்தில் இரண்டு முறை நாசி கண்டார் சாப்பிட்டிருப்பேன், மீன் முட்டையோடு.

"ஆமாண்ணே" என்றேன் மறுபடி.

வீட்டுக்கு வந்ததும் துளசி வெண்டைக்காயைக் கழுவினாள்.

"அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள் அவளே. "மாத்திரை குடுக்கப் போனேன். மத்தியானம். மெஷினு ஆஃப்பா கெடக்கு. மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்காரு. ஏண்ணேன்னு கேட்டா, 'பகல்ல எதுக்குமா, பில்லு ஏறுது'ங்கறாரு. தினம் நாலு மணி நேரம். கரண்டு மிச்சம் பிடிக்க மூச்சைக் குறைச்சிருக்காரு."

"கட்சி ஆளுங்க?"

"பழக்கூடை ஒண்ணு வந்துச்சு. ரிப்பன் கட்டி."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். யோசிக்கிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு.

"பொறுப்பு வேணும்னு சொல்லியிருப்பீங்க" என்றாள்.

"அதுக்காக என் பேர்ல மன்னிப்புக் கேட்டுடறதா?"

"நீங்க கேப்பீங்கன்னு ஒன்றரை வருஷம் பார்த்தேன். நூறு நாள் யாரு கைன்னு எனக்குத் தெரியாதா? எழுதி முடிச்சதும் என்கிட்டதானே படிச்சுக் காட்டினீங்க. 'இப்ப பாரு, வரி எப்படி நிக்குது'ன்னு."

ஆமாம். காட்டியிருந்தேன்.

"சீனி முகம்மது?"

"வயரு இழுத்ததே பாய்தான். காசு வாங்கல."

"என்கிட்ட முப்பது வெள்ளி வாங்கினாரே!"

"அது வயருக்கு."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அங்கே போனேன். என் வீட்டில் விசிறி தடை செய்யப்பட்டிருந்தது. அவர் வீட்டில் என் செலவில் ஓடியது. ஒரு நாள் என் நூறு நாள் திட்டத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க பத்து நிமிடம் ஆனது.

"நீ திருந்தவே இல்லையா தம்பி... மறுபடியும் நூறு நாளா?"

"அண்ணே, அன்னைக்கு கேட்ல... நாந்தான் எழுதினேன்னு ஏன் சொல்லல?"

அவர் விசிறியைப் பார்த்தார்.

"நீ வெளியூர்லேருந்து அப்பத்தான் வந்தவன். ரோட்டு ஆளுங்க உன்ன வேண்டாம்னு ஒதுக்கிட்டா... எங்க போவ? எனக்கு நாப்பது வருஷப் பழக்கம். திட்டிட்டு... மறுநாள் குழம்பு குடுத்து அனுப்புவாங்க."

"குடுத்தாங்களா?"

"அதிரா குடுத்துச்சு. எதிர்வீடு." மூச்சு வாங்கினார். "மத்தவங்க... குடுப்பாங்க."

அறுபத்திரண்டாவது நாள், பொது மருத்துவமனையில், போய்விட்டார். மின்சாரம் அங்கே நன்றாகத்தான் இருந்தது.

சாவு வீட்டில் ரோடு முழுக்கக் கூடியிருந்தது. கட்சியிலிருந்து ஒரு பெரிய மாலை வந்திருந்தது. ஆள் வரவில்லை. நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். அந்த நூறு நாள் அண்ணன் சொன்னது இல்ல. நான் எழுதினது. தப்பு என்னோடது."

அதிரா அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"செத்த மனுஷன் மேல பழி இருக்கக்கூடாதுன்னு நீ உன் தலையில போட்டுக்கற பாரு தம்பி... அந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லக்கா, நெஜமாவே..."

"போதும்பா. எங்களுக்குப் புரியுது."

பத்து லஞ்சாங் சுடுகாடு போய்ச் சேரும்வரை ஆள் மாற்றி ஆள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லியும் எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. துளசி மட்டும் தட்டவில்லை. கார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்றோராவது நாள் பில் வந்தது.

வாசலிலேயே பிரித்தேன். நூற்று நாற்பத்தேழு. இருநூற்றுப் பத்திலிருந்து அறுபத்து மூன்று வெள்ளி குறைவு. கைபேசியில் போட்டுப் பார்த்தேன். திரும்பவும் போட்டேன். முப்பது விழுக்காடு. ஒரு பிசிறு இல்லை.

உள்ளே போய் வரவேற்பறை விளக்கைப் போட்டேன். பட்டப்பகல். படுக்கையறை விளக்கைப் போட்டேன். ஏர்கோன் ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பதினாறில் வைத்தேன். சுடுதண்ணீர்க் கருவி, இஸ்திரிப்பெட்டி, வெறும் சோற்றுப்பானை, எல்லாவற்றையும் போட்டேன். விசிறியை ஐந்தில் வைத்தேன். வெளியே போய்ப் பார்த்தேன். மீட்டர் படபடவென்று கண்ணடித்தது. போதவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த துளசி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். மேசையிலிருந்த பில்லை எடுத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். அதில் படிக்க அவ்வளவு இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். விளக்கு. இஸ்திரிப்பெட்டி. சோற்றுப்பானை. சுடுதண்ணீர். ஏர்கோன். மெயின் பெட்டியைத் திறந்து 'கிச்சன் 2' மேல் விரலை வைத்தாள். பின்மதிலில் அந்த வயர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. விரலை எடுத்துவிட்டாள். அதை மட்டும் அணைக்கவில்லை.

என்னிடம் வந்து பில்லை என் சட்டைப் பையில், ரிமோட் இருந்த இடத்தில், மடித்து வைத்தாள்.

"நூறு நாள்ல முப்பது விழுக்காடு. இந்த நாட்டுல சொன்னதச் செஞ்ச ஒரே ஆளு நீங்கதாங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் விசிறியையும் அணைத்துவிட்டுப் போனாள்.